ஷாமிலா எழுதிய ஆறு இலக்கம்

சனிக்கிழமைக்குள் அம்மாவைக் கண்டுபிடித்தாக வேண்டும். தோட்டத்து ஆபிஸ் நோட்டீஸில் இந்த வார்த்தைகள் இல்லை. மேல் டிவிஷனில் கைவிட்டுப்போன மலைகளைத் திங்கட்கிழமை முதல் மண் வாரும் பெக்கோ மெஷின் போட்டுத் துப்புரவாக்கி டர்பன்டைன் மரக்கன்று நடப்போகிறார்கள். அங்கே சொந்தக்காரரைப் புதைத்தவர்கள் சனிக்கிழமைக்குள் கம்பு நட்டு வெள்ளைத்துணி கட்டினால், மெஷின் அந்த இடத்தை விட்டுவிட்டுப் போகும் என்று மூன்று பாஷையில் எழுதி ஒட்டியிருந்தார்கள். எனக்கு அது, "ஜீவராணி, உன் அம்மாவைத் தேடு" என்றுதான் கேட்டது.

எனக்கு இப்போது நாற்பத்தொரு வயது. மஸ்கெலியா பஸ் நிலையத்துக்கு எதிரில் தையல் கடை வைத்திருக்கிறேன். பிறந்தது ஊசிக்கல் தோட்டத்துக் கீழ் டிவிஷனில். அம்மா நாகலெட்சுமி அங்கே கொழுந்து பறித்தாள். நான் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன பிறகு மேல் டிவிஷனுக்கு மாறினாள். இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் ஒரு மழைக்காலத்தில் செத்தும் போனாள். எனக்கு லீவு கிடைக்கவில்லை.

எங்கள் தோட்டத்தில் மயானம் என்று நிலையான ஓர் இடம் கிடையாது. தேயிலை நிற்கிற ஒவ்வொரு துண்டு நிலத்தையும் நாங்கள் மலை என்போம். அதற்கு ஒரு நம்பர் இருக்கும். விளைச்சல் குறைந்த மலை எதுவோ அதைத் தோட்டத்து மேனேஜர் துரை கையால் காட்டுவார். அங்கே குழி தோண்டுவார்கள். அடுத்த துரை வந்தால் அடுத்த மலை. அம்மாவுக்கு எந்த மலையைக் காட்டினார்கள் என்று கொழும்பில் இருக்கும் அண்ணன் விஜிதரனுக்குப் போன் போட்டுக் கேட்டேன்.

"அன்னைக்கு மழையில கூட்டத்தோட போனேன், கூட்டத்தோட வந்தேன். எதுவும் ஞாபகம் இல்ல. அந்தப் பக்கமே இப்ப காடு. விடு ஜீவா. மண்ணோட மண்ணாப் போன அம்மாவை இப்பப் போய் எங்கன்னு தேடுவ?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அவனாவது குழியில் ஒரு பிடி மண் போட்டவன். அவன் விடலாம். நான் எப்படி விடுவது? போனை வைத்துவிட்டேன்.

குவைத்திலிருந்து வந்த பிறகாவது நான் போயிருக்க வேண்டும். போகவில்லை. அடுத்த தீபாவளிக்குப் போவோம், மழை விடட்டும் என்று நானே சாக்குச் சொல்லி வருஷங்களைத் தள்ளினேன். உண்மை என்னவென்றால் பயம். பெற்றவள் போகும்போது பக்கத்தில் இல்லாதவள் எந்த முகத்தோடு போய் நிற்பது? பத்து வருஷத்துக்கு முன் மண்சரிவு அபாயம் என்று மேல் டிவிஷனில் வரிசை வீடுகளான லயங்களைக் காலி பண்ணினார்கள். பாதைகள் மூடிப் போயின. எனக்கும் சாக்குச் சொல்லும் வேலை இல்லாமல் போனது.

ஆனாலும் என்னிடம் ஒரு கடிதம் இருந்தது. என் சிநேகிதி ஷாமிலா குவைத்துக்கு எழுதியது. தையல் மெஷின் லாச்சியில், சாக்பீஸ் டப்பாவுக்கு அடியில், பதினெட்டு வருஷமாக இருக்கிறது.

"ஜீவா, அம்மா நேத்து போயிட்டாங்க. கஷ்டப்படல. ஒன் பேரைத்தான் சொல்லிக்கிட்டு இருந்தாங்க. நீ இருந்து செய்ய வேண்டியதையெல்லாம் நான் நின்னு செஞ்சேன். எடம் நம்ம மேப்புல 464 458. சுத்திக் கல்லு அடுக்கி சுண்ணாம்பு அடிச்சிருக்கேன், கேம்ப்ல மாதிரி. நீ வந்தா தொலைஞ்சு போகமாட்டே." பின்பக்கத்தில் பென்சிலால் ஒரு வரி: "தலைமாட்டுல நின்னா பாக்டரி புகைக்கூண்டு தெரியும். 200 டிகிரி."

சாவு வீட்டுக் கடிதத்தில் யாராவது இலக்கமும் டிகிரியும் எழுதுவார்களா? எழுதினாள். ஏனென்றால் நாங்கள் இரண்டு பேரும் கெடேட் பிள்ளைகள்.

தொண்ணூற்றொன்பதில் ஹட்டனில் எங்கள் பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைகளுக்கு ராணுவப் பயிற்சி தரும் ஒரு கெடேட் அணி ஆரம்பித்தார்கள். சேர்ந்தால் கேம்புக்குப் போகும்போது பகல் சாப்பாட்டுக்கு முட்டை உண்டு என்று ஷாமிலா எங்கேயோ கேட்டுவந்தாள். அதற்காகத்தான் சேர்ந்தோம், மறைப்பதற்கு ஒன்றுமில்லை. அவள் எனக்குப் பக்கத்து லயக்காம்பரா, நடுவில் ஒரே சுவர். எங்களுக்குக் கொடுத்த சப்பாத்து இரண்டு அளவு பெரிது. பத்திரிகைத் தாளைச் சுருட்டி உள்ளே திணித்துக்கொண்டு லெஃப்ட் ரைட் போட்டோம். நடக்கும்போது உள்ளேயிருந்து சர் சர் என்று சத்தம் வரும்.

எங்களுக்கு மேப் வாசிக்கச் சொல்லித்தந்தவர் பண்டார சேர். சிங்களவர், ஆனால் தமிழை அள்ளி விடுவார். முதல் நாள் கரும்பலகையில் ஒரு பெரிய மேப்பை ஒட்டினார். பழுப்புக் கோடுகள் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போயின. "இந்தக் கோடு எல்லாம் ஒரே உயரம் காட்டுறது. கோடு கிட்டகிட்ட இருந்தா ஏத்தம். தள்ளித்தள்ளி இருந்தா சமதரை" என்றார். ஷாமிலா எழுந்து போய் மூக்கு ஒட்டுகிற அளவுக்குப் பார்த்தாள்.

"சேர், எங்க தோட்டத்துல கோடெல்லாம் ஒண்ணுமேல ஒண்ணு ஏறிக்கிட்டு கெடக்கு!"

பிறகு கத்தியே விட்டாள். "ஜீவா, இங்க வாடி! நம்ம லயம்!"

ஓடிப் போய்ப் பார்த்தேன். ஒரு ஓடை, ஒரு ஒற்றைக் கோடு ரோடு, அதன் ஓரத்தில் எறும்பு அளவில் ஒரு கறுப்புக் கட்டம். எங்கள் லயம்தான். பன்னிரண்டு குடும்பம், பன்னிரண்டு அடுப்பு, தண்ணி பிடிக்க ஒரு பீலி, அத்தனையும் அந்தக் கட்டத்துக்குள் இருந்தது. அரசாங்கத்துக் கடதாசியில் நாங்கள் இருக்கிறோம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அந்தச் சந்தோஷம் இன்னும் நெஞ்சுக்குள் அப்படியே இருக்கிறது. ஷாமிலா அந்தத் துண்டை மட்டும் ஒரு ஃபோட்டோகொப்பி எடுத்து வைத்துக்கொண்டாள். கடிதத்தில் நம்ம மேப் என்றாளே, அதுதான்.

சேர் சொல்லித்தந்ததில் அடிப்படை இதுதான். மேப்பில் நிமிர்ந்த கோடுகளும் படுத்த கோடுகளும் சேர்ந்து கட்டங்கள் போடும். ஒரு கட்டம் ஒரு கிலோமீட்டர். ஒவ்வொரு கட்டத்தையும் மனசுக்குள் பத்தாகப் பிரித்தால், எந்த இடத்தையும் ஆறு இலக்கத்தில் சொல்லிவிடலாம். முதல் மூன்று இலக்கத்துக்கு இடமிருந்து வலமாகப் போக வேண்டும். அடுத்த மூன்றுக்குக் கீழிருந்து மேலே போக வேண்டும். "மொதல்ல வராந்தாவுல நட. பொறகு படி ஏறு. மறக்காதே" என்பார் சேர். எங்கள் பள்ளிக்கூடக் கட்டிடம் அப்படித்தான், நீள வராந்தா, அதன் கோடியில் மாடிப்படி.

வகுப்பில் எல்லாருக்கும் புரிந்தது. ஷாமிலாவுக்கு மட்டும் கடைசிவரை வரவேயில்லை. அவள் முதலில் ஏறிவிடுவாள், பிறகுதான் பக்கவாட்டில் போவாள். ஆற்றுக்கு இலக்கம் கேட்டால் மலை உச்சிக்குச் சொல்வாள்.

"அய்யோ ஷாமிலா, மே மொகத? நீ ஆமியில இருந்தா நம்ம ஆளுக மேலயே குண்டு விழும்!" என்று, என்ன இது என்பதை மட்டும் சிங்களத்தில் கேட்டு, சேர் தலையில் அடித்துக்கொள்வார்.

அவளா அடங்குவாள்? "சேர், ஒங்க பள்ளிக்கூடத்துல வராந்தா மொதல்ல வருது. எங்க லயத்துக்கு வந்து பாருங்க. நாப்பது படி ஏறுனாத்தான் வராந்தாவே வரும். மொதல்ல ஏறணும், அப்பறம்தான் திரும்பணும்!"

வகுப்பே சிரித்தது. சேரும் சிரித்தார். அதற்குப் பிறகு எத்தனை தரம் திருத்தியும் அவள் திருந்தவில்லை. பரீட்சையன்று இடது உள்ளங்கையில் பேனாவால் வலப்பக்கம் ஓர் அம்புக்குறி போட்டுக்கொண்டு போய்த்தான் பாஸ் பண்ணினாள்.

கேம்பில் அதிகாலையில் எங்களுக்குக் கல் வேலை. பாதையின் இரண்டு ஓரத்திலும் தேங்காய் அளவுக் கற்களை அடுக்கிச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் நடுவில் சரியாக ஒரு சப்பாத்து இடைவெளி. சேர் சப்பாத்தை வைத்தே அளந்து பார்ப்பார். மேப்பில் சொதப்புகிற ஷாமிலா இதில் ராணி. அவள் அடுக்கிய வரிசை நூல் பிடித்த மாதிரி நிற்கும்.

இத்தனைக்கும் நானும் அவளும்தான் கேம்பில் மேப் போட்டியில் இரண்டாவது இடம் வந்தோம். பரிசு ஆளுக்கொரு பிளாஸ்டிக் தண்ணீர்ப் போத்தல். அவ்வளவு பெருமை எனக்கு என் கல்யாணத்தில்கூட வரவில்லை.

ஷாமிலா இப்போது இல்லை. கொரோனா நேரத்தில் மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்தே கொண்டுபோய் எரித்துவிட்டார்கள். அவள் வீட்டுக்காரர் யோகேஸ்வரன் தனிமைப்படுத்தலில் இருந்தார். முகமும் பார்க்கவில்லை, சாம்பலும் கைக்கு வரவில்லை. தலவாக்கலையில் த்ரீவீல் ஓட்டுகிறார். இரண்டு பெண் பிள்ளைகள். அவருக்குத்தான் போன் பண்ணினேன்.

"அண்ணே, ஷாமிலா ஒரு மேப் வச்சிருந்தாளே, ஃபோட்டோகொப்பி, இருக்குங்களா?"

"இருக்கு தங்கச்சி. அவ பெட்டியில எதையும் நான் தொடல. பாகைமானியும் இருக்கு. நானே எடுத்துக்கிட்டு வாறேன். ஒண்டியா அந்தக் காட்டுக்குப் போகாதீங்க."

வெள்ளிக்கிழமை பொழுது விடிந்ததும் த்ரீவீலோடு வந்துவிட்டார். என் மகள் அந்த ஆறு இலக்கத்தைப் போனில் போட்டுப் பார்த்து, பாட்டி கடலுக்குள் இருப்பதாகச் சொன்னாள். போனில் இருப்பது வேறு கணக்கு. ஷாமிலாவின் இலக்கம் எங்கள் மேப்புக்கு மட்டும்தான் பேசும். தையல் மேசையில் ஃபோட்டோகொப்பியை விரித்தேன். வலப்பக்கம் நானூற்று அறுபத்து நாலு, மேலே நானூற்று ஐம்பத்தெட்டு. பென்சிலால் சிலுவை போட்டேன். இருபத்தைந்து வருஷம் கழித்தும் கை மறக்கவில்லை என்று எனக்கு ஒரே மமதை. அந்த மமதையில் கடிதத்தின் பின்பக்கத்தைத் திருப்பவேயில்லை.

பாழடைந்த பாக்டரி வரைக்கும் த்ரீவீல் போனது. அதற்கு மேல் நடைதான். கவ்வாத்து வெட்டாத தேயிலை ஆள் உயரத்துக்கு மேல் மரமாகி நின்றது. மானாப்புல் கையைக் கிழித்தது. அட்டைக்குப் பயந்து காலெல்லாம் சவர்க்காரம் பூசிக்கொண்டு போனோம், அப்படியும் ஏறிற்று. பனி மூட்டம் வேறு. பத்து அடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. ஓடை வளைவு, பாலம், பாலத்திலிருந்து இத்தனை காலடி என்று எண்ணி எண்ணி நடந்தேன். நூறு மீட்டருக்கு எனக்கு நூற்று இருபது காலடி என்று கேம்பில் அளந்தது. இப்போது உடம்பு போட்டுவிட்டதால் நூற்று நாற்பது என்று வைத்துக்கொண்டேன்.

வந்து சேர்ந்த இடத்தில் சரிவு கொஞ்சம் சமமாக இருந்தது. ஒரு பெரிய பாறை, பக்கத்தில் மண் லேசாக மேடு தட்டியிருந்தது. கல் வரிசை எதுவும் இல்லை.

"கல்லை யாராச்சும் அடுப்புக்கு எடுத்துக்கிட்டுப் போயிருப்பாங்க" என்றார் யோகேஸ்வரன்.

இருக்கலாம் என்று எனக்கும் பட்டது. படவேண்டும் என்று ஆசையாகவும் இருந்தது. கம்பை நட்டு வெள்ளைத்துணியைக் கட்டினேன். சூடம் கொளுத்தினேன். "அம்மா, வந்துட்டேன்மா" என்று சொல்லிவிட்டு அழலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. பதினெட்டு வருஷம் அடக்கிவைத்த அழுகை அது. வரவேண்டிய இடத்தில் வராமல் நின்றது எனக்கே சந்தேகமாக இருந்தது.

கடிதத்தை எடுத்தேன். அப்போதுதான் மறந்தே போயிருந்த பின்பக்கத்துப் பென்சில் வரி கண்ணில் பட்டது. தலைமாட்டில் நின்றால் பாக்டரி புகைக்கூண்டு தெரியும்.

"அண்ணே, பனி வெலகட்டும். கொஞ்சம் இருப்போம்."

பத்து மணிக்கு மூட்டம் கலைந்தது. நான் நாலு பக்கமும் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். புகைக்கூண்டு எங்கேயும் இல்லை. பாக்டரிப் பக்கத்தை ஒரு முகடு முழுசாக மறைத்துக்கொண்டு நின்றது. பாக்டரி மூடினாலும் புகைக்கூண்டு நிற்கிறது, வரும்போது அதை உரசிக்கொண்டுதான் வந்தோம். முகடு நேற்று முளைத்ததில்லை.

பாறையில் மேப்பை விரித்தேன். சேர் சொல்லித்தந்த இன்னொன்று இது. ஓரிடத்திலிருந்து புகைக்கூண்டு இருநூறு டிகிரியில் தெரிந்தால், புகைக்கூண்டிலிருந்து அந்த இடம் நேர் எதிர்ப் பக்கம், நூற்றெண்பது கழித்து இருபது டிகிரியில் இருக்கும். மேப்பில் புகைக்கூண்டுப் புள்ளியில் ஷாமிலாவின் பாகைமானியை வைத்து இருபது டிகிரிக்கு ஒரு கோடு இழுத்தேன். கோடு என் சிலுவைப் பக்கமே வரவில்லை. ஓடைக்கு அந்தப் புறம், உயரத்தில், வேறு மலையின் மேல் ஏறிப் போனது.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "பாருங்க அண்ணே, இவ எழுதியிருக்குற லட்சணத்தை! நம்பரு ஒரு எடத்தைச் சொல்லுது, டிகிரி ஒரு எடத்தைச் சொல்லுது. சாவு வீட்டுல நின்னுக்கிட்டு இப்படியா எழுதுவா?"

அவர் பாவம், தரையைப் பார்த்தார். செத்துப்போனவளை அவள் புருஷனிடமே திட்டுகிறேனே என்று வாயை மூடினேன். மூடிய நிமிஷத்தில் பண்டார சேரின் குரல் காதில் விழுந்தது. அய்யோ ஷாமிலா, மே மொகத?

இலக்கத்தை மாற்றிப் போட்டேன். வலப்பக்கம் நானூற்று ஐம்பத்தெட்டு. மேலே நானூற்று அறுபத்து நாலு. புதுச் சிலுவை அந்தப் பென்சில் கோட்டின் மேலேயே போய் உட்கார்ந்தது.

கேம்பில் நாங்கள் இரண்டாவதாக வந்தது எப்படி என்பதும் அப்போது ஞாபகம் வந்தது. ஷாமிலா இலக்கத்தைத் தலைகீழாகச் சொல்வாள். நான் ஒன்றும் சொல்லாமல் மனசுக்குள் திருப்பிப் போட்டுக்கொண்டு மேப்பில் குறிப்பேன். அவளைத் திருத்துவதை விட்டுவிட்டு அதையே எங்கள் வழக்கமாக்கிக்கொண்டோம். ஜீவா திருப்பிக்கொள்வாள் என்று அவளுக்குத் தெரியும். அந்த நம்பிக்கையில்தான் குவைத்துக்கும் அப்படியே எழுதியிருக்கிறாள். அவள் தன் வேலையைச் செய்துவிட்டாள், என் வேலையை மறந்தவள் நான்தான். அங்கேயே, அந்தத் தப்பான இடத்திலேயே, எனக்கு அழுகை வந்துவிட்டது.

கம்பைப் பிடுங்கினோம். நேராகப் போனால் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. ஓடையில் இறங்கி மறுபக்கம் ஏற இரண்டரை மணி நேரம் பிடித்தது. போன் காம்பஸைப் பிடித்துக்கொண்டு, புகைக்கூண்டு இருநூறு டிகிரிக்கு வருகிறவரை சரிவில் பக்கவாட்டாக நகர்ந்தேன். வந்ததும் நின்றேன். பிறகு அந்தக் கோட்டிலேயே மேலும் கீழுமாகப் புல்லை வெட்டிக்கொண்டு போனோம்.

யோகேஸ்வரனின் கத்தி டங்கென்று கல்லில் பட்டது. பாசி பிடித்த கல். சுரண்டினால் இடுக்கில் வெள்ளையாக ஒட்டியிருந்தது. பக்கத்தில் இன்னொன்று. நான் செருப்பைக் கழற்றி நடுவில் வைத்துப் பார்த்தேன். எனக்கு இப்போது ஆறாம் நம்பர் செருப்பு. அந்த இரண்டு அளவு பெரிய சப்பாத்துக்கு அது போதவில்லை, முன்னால் இரண்டு விரல் இடம் மிச்சமிருந்தது. அடுத்த கல்லுக்கும் அப்படியே, அதற்கு அடுத்ததுக்கும் அப்படியே. பதினெட்டு வருஷ மழைக்கும் அந்த வரிசை கோணவில்லை. தலைமாட்டில் நின்று நிமிர்ந்தேன். இரண்டு முகட்டுக்கு நடுவில் புகைக்கூண்டு நின்றது.

"அம்மா" என்று மட்டும்தான் சொன்னேன். யோகேஸ்வரன் தள்ளிப் போய், எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். நான் ஆசை தீர அழுதேன்.

கம்பு நட்டு, துணி கட்டி, மிச்சச் சூடத்தைக் கொளுத்திவிட்டுப் பார்த்தால் மனிதரைக் காணோம். ஓடைப் பக்கமிருந்து ஏறி வந்தார். கையில் தேங்காய் அளவுக்கு ஒரு கல், சட்டையால் துடைத்துத் துடைத்துக் கொண்டுவந்தார்.

"தங்கச்சி, ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டீங்களே? அவளுக்குன்னு ஒரு எடம் இல்ல. புள்ளைங்க கேக்குதுங்க, அம்மாவுக்கு எங்க பூ வைக்கிறதுன்னு. இங்க ஓரமா இதை வச்சுக்கவா?"

கல்லை வாங்கி, வரிசையின் ஓரத்தில் செருப்பை வைத்து, இரண்டு விரல் கூட்டி அளந்து வைத்தேன். தள்ளி நின்று பார்த்தேன். கொஞ்சம் கோணலாக இருந்தது. அவள் இருந்தால் திட்டியிருப்பாள். மறுபடி சரிபண்ணினேன்.

"புள்ளைங்களுக்கு எடத்தை எழுதிக் குடுங்க. நான் இல்லாட்டியும் அதுங்க வரணும்" என்றார்.

ஃபோட்டோகொப்பியின் ஓரத்தில் 464 458 என்று எழுதி நீட்டினேன். அவர் பார்த்தார்.

"அம்மாவோட நம்பரு மாதிரியே இருக்கே?"

"ரெண்டு பேரும் ஒரே கட்டத்துலதானே அண்ணே இருக்காங்க."

மேப்பை மடிக்கப் போனவர் நின்றார். காலையிலிருந்து நான் பட்ட பாட்டைக் கூடவே பார்த்த மனிதர் இல்லையா? விரலை அந்த இலக்கத்தின் மேல் வைத்துக்கொண்டு கேட்டார், "இதுல எது மொதல்ல தங்கச்சி? புள்ளைங்ககிட்ட எப்படிச் சொல்லட்டும்?"

"அவுங்க அம்மா சொன்ன மாதிரியே சொல்லுங்க அண்ணே. மொதல்ல ஏறணும். அப்பறம்தான் திரும்பணும்."